உள்நாட்டுக் கம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

போனில் பேசினால் "பார்க்கலாம் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். போன வாரம் மட்டும் மூன்று பார்க்கலாம். அதனால் எழுதுகிறேன். உங்கள் ஆபீசில் எழுத்தில் வந்தால்தான் எதுவும் நகரும் என்று நீதானே சொல்வாய். நீயும் எழுத்திலேயே பதில் கொடு. அப்புறம் நான் அப்படிச் சொல்லவில்லை என்று நழுவ முடியாது.

புது இறக்குமதி வரிப் பட்டியல் வந்த அன்று பட்டறையில் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். ரேடியோ என்பது மரை போடும் மெஷினில் நிற்பவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். அவள் போனில்தான் செய்தி முதலில் வரும். வெளிநாட்டு ஸ்போக்ஸுக்கு வரி ஏறும், நம் சரக்கு விலைபோகும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தோம். சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு கம்பிகூட இந்த நாட்டில் செய்ய முடியாதா என்று நீயே என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறாய்.

பட்டியலில் என்ன வந்தது என்று உனக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் ஸ்போக்ஸுக்கு அதே பழைய பத்து சதவீதம். அதைச் செய்வதற்கு நாங்கள் வாங்கும் கம்பிச்சுருளுக்கு ஐந்திலிருந்து இருபத்தைந்து. செய்து முடித்த பொருள் மலிவாக உள்ளே வரும், செய்ய வேண்டிய பொருள் விலை ஏறி வரும். அப்புறம் எந்தப் பைத்தியம் உட்கார்ந்து செய்யும்?

"இதை எழுதின மகராசன் யாருக்கா?" என்று ரேடியோ கேட்டாள். தம்பி இந்தப் பட்டியல் போடும் துறையில் இருக்கிறான் என்று இத்தனை நாள் பெருமையடித்தவள் நான். அன்று, போய் மெஷினைப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சைக்கிள் கம்பெனி அடுத்த வருடத்துக்கான விலையை மே மாதக் கடைசிக்குள் கேட்கிறது. இந்த விலைக்குக் கம்பி வாங்கினால் அவர்கள் கேட்கும் விலைக்கு ஸ்போக்ஸ் கொடுக்க முடியாது. அந்த ஆர்டர் போனால் நாற்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்னிடம் இருப்பது அந்த ஒரு ஆர்டர்தான் என்று உனக்குத் தெரியும்.

யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள், எப்போது திருத்துவார்கள். இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வருத்தம் புரிகிறது. ஆனால் இதை ஒரு பட்டறையில் நின்றுகொண்டு மட்டும் பார்க்க முடியாது. அடிப்படைப் பொருள்களை நாமே செய்யத் தொடங்கினால்தான் மற்ற தொழில்களின் போட்டித்திறன் கூடும் என்பது கொள்கையின் நோக்கம். கம்பி இங்கேயே கிடைக்கும்போது வெளியிலிருந்து எதற்கு? அரசு உருக்காலை கம்பி இழுக்கிறது. அவர்களிடம் வாங்கினால் இந்த வரி உன்னைத் தொடாது. முதலில் கொஞ்சம் சிரமம் இருக்கும், மூன்று நான்கு வருடத்தில் சரியாகும்.

இதைப் படித்து நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மேஜையைத் தட்டியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை.

யார் எழுதினார்கள் என்று கேட்டிருந்தாய். அது கூட்டு முடிவு. திருத்த வேண்டுமானால் உங்கள் சங்கத்தின் மூலம் மனு வர வேண்டும். உன் தம்பி என்பதால் நானாக எதுவும் கேட்டால் தப்பாகிவிடும். உருக்காலையிடம் கம்பி மாதிரி வாங்கிப் பார். அத்தானின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

அத்தானின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்னதை எல்லாம் செய்தாயிற்று, கேள்.

முதலில் சங்கத் தலைவர். மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், டிராயரில் வைத்தார், பூட்டினார். வெளியே வரும்போது அவருடைய கோடவுன் கதவு திறந்திருந்தது. வெளிநாட்டு ஸ்போக்ஸ் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. தன் மெஷின்களை அவர் போன வருடமே விற்றுவிட்டாராம். அவரிடம் போய் மனுக் கொடுத்த என்னை என்ன சொல்ல.

அடுத்து உருக்காலைக் கம்பி. இருபது கிலோ வாங்கி ஓட்டினோம். வெட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. நுனியைத் தட்டித் தலை ஆக்கும்போதும் தெரியவில்லை. கழுத்தை வளைக்கும் இடத்தில் பத்துக்கு நாலு பட்டென்று முறிந்தது. உன் அத்தான் மெஷினைத் தளர்த்திப் பார்த்தார், இறுக்கிப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார். முறியாமல் தப்பியவற்றை எடுத்து நெட்டை ஒரு சக்கரம் கட்டினார். நெட்டை எங்கள் ஃபோர்மேன். வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். சைக்கிளின் பின்னால் இரண்டு சிமெண்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். கேட்டைத் தாண்டும் முன்னே மூன்று கம்பி போயிற்று. மூட்டையோடு விழுந்து முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

முறிந்ததை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு உருக்காலையின் விற்பனை அதிகாரியைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார்.

"நாங்க வேலிக்கம்பி போடுறவங்கம்மா. நீங்க கேக்குற கம்பி இந்த நாட்டுல யாருமே போடல."

"அப்ப இங்க கிடைக்குதுன்னு அரசாங்கத்துக்கு யாரு சொன்னா?"

"எங்களைக் கேக்காதீங்க. எங்களுக்கே பேப்பர் பாத்துதான் தெரியும்."

இப்போது சொல். யார் சொன்னது? கூட்டு முடிவு என்று மறுபடியும் எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

கூட்டு முடிவு என்று நான் எழுதியது மழுப்பல். பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்கள் பதினோரு பேர். ஆனால் எந்தப் பொருள் இங்கே கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்ற அட்டவணையைத் தயாரித்தது நான் ஒருவன். கம்பிச்சுருளுக்கு எதிரே "உள்நாட்டில் கிடைக்கிறது" என்று எழுதியதும் நான்தான்.

உன் கடிதம் வந்ததும் பழைய கட்டுகளை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு பட்டறைகளுக்கு நாங்கள் அனுப்பிய கணக்கெடுப்புப் படிவங்கள். ஸ்போக்ஸ் செய்யும் பத்தொன்பது பட்டறைகள் நிரப்பி அனுப்பியிருந்தன. "மூலப்பொருளை எங்கிருந்து வாங்குகிறீர்கள்" என்பதற்குப் பத்தொன்பது பேரும் "உள்நாடு" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று உன்னுடையது. உன் கையெழுத்து. நகல் வைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மிச்சத்தையும் சொல்லாவிட்டால் உன் தலையில் பழியைப் போட்டதாக ஆகும். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு கம்பியை நாம் எப்போது இழுக்கத் தொடங்கினோம் என்று யோசித்தேன். துறைமுகத்தில் எவ்வளவு கம்பிச்சுருள் இறங்குகிறது என்று சுங்கத்துறையைக் கேட்டு ஒரு கடிதம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் படிவக் கட்டுக்குள் உன்னுடையது வந்தது. பள்ளி நாளில் என் கணக்கு நோட்டைத் திருத்திக் கொடுத்த அதே கையெழுத்து. தனியாகச் சிரித்துக்கொண்டேன். அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தக் கடிதத்தை அனுப்பவே இல்லை.

அனுப்பியிருந்தால் பத்து நாளில் பதில் வந்திருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி

மே 9

தம்பிக்கு,

நகலைப் பார்த்தேன். நான்தான்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கரண்ட் இல்லை, அதனால்தான் படிவம் நிரப்ப நேரம் கிடைத்தது. கம்பியை எங்கிருந்து வாங்குகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் வாங்குவது இரண்டு தெரு தள்ளியிருக்கும் கம்பிக்கடைக்காரரிடம். உள்நாடு என்றுதானே எழுதுவேன்? அவர் எங்கிருந்து வாங்குகிறார் என்று நீங்கள் கேட்கவில்லையே.

இப்படி வாதாடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். உன்னிடம் அது எடுபடும், என்னிடம் எடுபடவில்லை. ஒவ்வொரு சுருளிலும் ஒரு தகர அட்டை கட்டியிருக்கும், நமக்குப் புரியாத எழுத்தில். பதினாறு வருடமாக அதைப் பிய்த்துக் குப்பையில் போடுகிறவள் நான். கம்பி எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளிநாடு என்று எழுதினால் பின்னால் இருக்கும் மூன்று பக்கத்தையும் நிரப்பு என்று போட்டிருந்தீர்கள். கரண்ட் வந்துவிட்டது. உள்நாடு என்று எழுதிக் கவரை ஒட்டிவிட்டேன்.

உன் மேல் கோபப்படலாம் என்று உட்கார்ந்தால் என் மேல் வருகிறது. அத்தானிடம் சொன்னேன். "அக்காவும் தம்பியும் சேந்து நல்லா குடும்பம் நடத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அப்புறம் ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

பத்து நாளாக பஸ் ஏறி இறங்கி மற்ற பதினெட்டு பட்டறைக்கும் போய்வந்தேன். எல்லோரும் அந்த மூன்று பக்கத்துக்குப் பயந்தவர்கள்தான். ஐந்து பட்டறை பூட்டிக்கிடக்கிறது. என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதோடு இருக்கிறது, மேலே கொண்டு போ. கம்பிக்கான வரியைக் குறைக்கச் சொல். முடியாதென்றால் வெளிநாட்டு ஸ்போக்ஸுக்கான வரியையாவது ஏற்றச் சொல். ரெண்டில் ஒன்று நடந்தாலும் பிழைத்துக்கொள்வோம். நீ விசாரிக்காமல் விட்டதையும் எழுத வேண்டியிருக்கும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அக்கா

மே 24

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது என்பதையும், பதினான்கில் ஒரு பட்டறை உன்னுடையது என்பதையும் சேர்த்தே எழுதினேன். எங்கள் துறை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்.

"இதுல ஒண்ணு உங்க அக்காவோடதா?"

"ஆமா சார்."

"அதை இதுல எழுதணுமாப்பா?"

"எழுதாம விட்டா தப்பு சார்."

"எழுதினதும் தப்புதான். இனிமே இது உன் அக்கா கேஸ். பதினாலு பட்டறைன்னு யாரும் பாக்க மாட்டாங்க."

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விட்டது. மறுஆய்வுக் குழு அக்டோபரில்தான் கூடும். என்னைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். சம்பளம் அதேதான், கவலைப்படாதே.

இன்னொன்றும் இருக்கிறது. வரியை நம்பி உருக்காலை புது இயந்திர வரிசை போடுகிறது. போன வாரம் அமைச்சர் அடிக்கல் நாட்டினார். உன் ஸ்போக்ஸுக்கு வேண்டிய கம்பியை இரண்டு வருடத்தில் இழுப்பார்களாம். அதனால் கம்பி வரியை இனி யாரும் தொட மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அதை வாங்குவதற்குப் பட்டறைகள் இருக்குமா என்று கேட்டேன். அந்தக் கேள்வி கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள்.

மே மாதம் முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை அக்கா.

தம்பி

ஜூன் 5

தம்பிக்கு,

கோப்பு அறையில் தூசி இருக்கும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல். மூக்கில் துணி கட்டிக்கொள்.

சைக்கிள் கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் வந்தார். என் விலையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க மேல வருத்தம் இல்லம்மா. உங்க கம்பி விலைக்கு எங்களுக்கு ஸ்போக்ஸே வந்து இறங்குது." கணக்கு அவர் பக்கம்தான் சரியாக இருக்கிறது.

போகும்போது வாசலில் நின்று ஒரு யோசனை சொன்னார். அவர்களே வெளியிலிருந்து ஸ்போக்ஸ் இறக்குவார்களாம். நான் அதைப் பிரித்து, கோணல் பார்த்து, சக்கரத்துக்கு முப்பத்தாறு வீதம் கட்டி, எங்கள் பட்டறைப் பெயர் போட்ட பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். ஒன்பது பேர் போதும். ஆனால் பெட்டி அடுக்க இடம் வேண்டும், மெஷின்கள் வெளியே போக வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

முடியாது என்றால் நாற்பத்தொரு பேரும் போகிறார்கள். சரி என்றால் முப்பத்திரண்டு பேரை நானே போகச் சொல்ல வேண்டும். அத்தான் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். உன்னிடம் நான் இதுவரை யோசனை கேட்டதில்லை. நான்தான் சொல்வேன், நீ கேட்பாய். இப்போது கேட்கிறேன். ஆபீசராக இல்லாமல் பதில் எழுது.

அக்கா

ஜூன் 11

அக்கா,

எடுத்துக்கொள். ஒன்பது பேருக்காவது சம்பளம் இருக்கும்.

நாட்டின் தொழில் எப்படி வளர வேண்டும் என்று ஆறு வருடம் அறிக்கை எழுதியிருக்கிறேன். உனக்கு இந்த ஒரு வரியை எழுத நாலு தாள் கிழித்தேன்.

தம்பி

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

எடுத்துக்கொண்டேன்.

மெஷின்கள் ஒரே நாளில் போய்விட்டன. ஓடுகிற மெஷினாக வாங்க ஆளில்லை. இந்தத் தொழிலில் இப்போது யார் மெஷின் வாங்குவார்கள்? இரும்புக்கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டார். அத்தான் அன்று காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டப் போகிறேன் என்று கிளம்பினார். ஆஸ்பத்திரிக்கு அன்று விடுமுறை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

யாரை வைத்துக்கொள்வது என்று நான்தான் பெயர் சொன்னேன். ஸ்போக்ஸ் கட்டுவதற்குக் கைவேகம் போதும் என்பதால் நன்றாக வேலை தெரிந்தவர்களைத்தான் முதலில் அனுப்பும்படி ஆயிற்று. நெட்டைக்கு இங்கே வேலை இல்லை. தன் ஸ்பேனர்களைத் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "வர்றேன்க்கா" என்று போனார். இப்போது ஒரு துணிக்கடை வாசலில் காவல் நிற்கிறார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

வைத்துக்கொண்ட ஒன்பது பேரும் பெண்கள். வீட்டில் வேறு சம்பளம் வராதவர்களாகப் பார்த்து வைத்தேன். ரேடியோவும் இருக்கிறாள். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியவள், இப்போது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லாதபோது பேசுவதில்லை.

ஸ்போக்ஸ் நன்றாக இருக்கிறது தம்பி. அதைத்தான் தாங்க முடியவில்லை. நூறு எடுத்து வளைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட முறியவில்லை.

அக்கா

அக்டோபர் 28

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்கிறேன்.

குழு நேற்று கூடியது. நம் மனுவை எடுத்தார்கள். கம்பி வரி அப்படியே இருக்கும். ஆனால் பதினான்கு பட்டறைகளின் நிலையைக் கருதி, வெளிநாட்டு ஸ்போக்ஸுக்கான வரியைப் பத்திலிருந்து நாற்பதாக ஏற்றியிருக்கிறார்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து. நாம் இரண்டாவதாகக் கேட்டது கிடைத்துவிட்டது.

செய்தி தெரிந்ததும் கோப்பு அறையிலிருந்து மூன்று மாடி ஏறி ஓடினேன். பட்டறைகளின் மெஷின்கள் எடைக்குப் போயாயிற்று, இப்போது அவர்கள் வெளிநாட்டு ஸ்போக்ஸைத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள், இந்த வரி அந்த வேலையையும் பறித்துவிடும் என்றேன். குழுவின் செயலாளர் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க கேட்டதைத்தானே கொடுத்திருக்கோம்? இப்ப வேணாம்னு சொன்னா எங்களை என்னன்னு நினைப்பாங்க?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

இயக்குநர் வராந்தாவில் என்னைப் பார்த்துக் கை கொடுத்தார். உன் அக்காவிடம் சொல்லு, சந்தோஷப்படுவாங்க என்றார்.

சைக்கிள் கம்பெனி என்ன செய்யும்? வரியை ஏற்றுக்கொண்டு இறக்குவார்களா? கேட்டு எழுது.

தம்பி

நவம்பர் 6

தம்பிக்கு,

மேனேஜரிடம் கேட்டேன். "ஸ்போக்ஸுக்குத்தானேம்மா வரி ஏறுது. சக்கரத்துக்கு ஏறலையே. நாங்க சக்கரமாவே இறக்கிக்கறோம்" என்றார். டிசம்பரிலிருந்து எனக்குப் பெட்டி வராது.

உன் மேல் கோபம் இல்லை. எழுதச் சொன்னதே நான். ரெண்டில் ஒன்று நடந்தால் போதும் என்று எழுதியதும் நான். அதை நினைத்து நீ சாப்பிடாமல் இருக்காதே.

இன்னும் அந்த ஒன்பது பேரிடமும் சொல்லவில்லை. வரி ஏறிய செய்தி ரேடியோவின் போனில் வந்துவிட்டது. நாலு மாதம் கழித்து நேற்றுதான் அவள் வாயைத் திறந்தாள். "அக்கா, நம்ம மனு ஜெயிச்சிடுச்சு, மெஷினெல்லாம் திரும்ப வருமா? நெட்டை அண்ணனைக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள். எட்டுப் பேரும் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். வெளியே எல்லோரும் சிரிப்பது கேட்டது.

முப்பத்திரண்டு பேரைப் போகச் சொன்ன வாய் இது. இந்த ஒன்பது பேரிடம் வரமாட்டேன் என்கிறது. நீ வா. ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பட்டறைக்கு வரச் சொல்கிறேன், நீ கூட நில். நீ ஒன்றும் பேச வேண்டாம். ஏன் இப்படி ஆயிற்று என்று அவர்கள் கேட்கும்போது, பதில் தெரியாமல் நிற்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அவர்கள் பார்த்தால் போதும்.

அக்கா